துரை வீட்டுத் தாழ்ப்பாள்

இது நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலில். என் மூத்த பிள்ளை அப்போதுதான் நடக்கக் கற்றிருந்தான். நடக்கக் கற்றிருந்தான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஓடினான், ஏறினான், எட்டியதையெல்லாம் இழுத்தான், இழுத்ததை வாயில் போட்டான், வாய்க்குள் போகாததைத் தரையில் போட்டு உடைத்தான்.

நான் பழனிக்காரி. அடிவாரத்தில் எங்கள் வீட்டாருக்குக் கடை. விபூதி, குங்குமம், பஞ்சாமிர்த டப்பா என்று யாத்திரை வருகிறவர்களை நம்பி ஓடுகிற வியாபாரம். கடையும் வீடும் ஒன்றுதான். பாய், பெட்டி, பித்தளைப் பாத்திரம், இவ்வளவுதான் சாமான். கீழே விழுந்து உடைகிற பொருள் என்று ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் யார் இடுப்பிலாவது தொற்றிக்கொண்டு வளர்ந்துவிடும். பிள்ளைக்காக வீட்டைத் திருத்த வேண்டும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் கணவருக்குக் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு, பெருமாள்மலை வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஏரிக்கு மேலே சரிவில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார். சின்ன பங்களா. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தனக்கென்று கட்டிக்கொண்டது. பிள்ளை குட்டி இல்லாத துரையாம். அதை யாரும் சொல்லவே வேண்டாம், வீட்டைப் பார்த்தாலே தெரியும்.

கூடத்தில் சுவரோடு சுவராக, குளிர் காய விறகு எரிக்கிற பெரிய கணப்பு, தவழ்கிற பிள்ளை நேராக உள்ளே போய் உட்காரலாம். ஜன்னல்கள் முழங்கால் உயரத்தில். ஜன்னலுக்கு வெளியே பாதிப் பக்கம் தரையே இல்லை, ஆள் உயரத்துக்குமேல் பள்ளம், அதில் நீலப் பூச்செடிகள். வராந்தாவில் மரப் பலகைத் தளம், அதிலிருந்து இறங்கக் கல் படிகள், ஒவ்வொன்றும் இரண்டு படி உயரம். போதாததற்குக் கூடம் நிறையத் துரையின் சாமான்கள். கண்ணாடி பீரோ, அதற்குள் பீங்கான் கோப்பைகள், டீபாய், பிரம்பு நாற்காலிகள், கூர்மையான இரும்புக் கொக்கிகளோடு ஒரு தொப்பி மாட்டி. பார்த்ததும், இடுப்பிலிருந்து இறங்கத் துடித்த பிள்ளையை இறக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது அந்த வீட்டைத் தன்னிடம் பட்லராக இருந்தவருக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர்தான் எங்களுக்கு வாடகைக்கு விட்டவர். வீட்டுக்குப் பின்னால் பழைய வேலைக்காரர் அறையில் தனியாக இருந்தார். தேவாலயத்துக்குத் தவறாமல் போகிற மனிதர். வயது ஐம்பதுக்கு மேல், ஒல்லியான உடம்பு, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட கோட்டு, பளபளவென்று ஷூ. ஊரே அவரைப் பட்லர் ஐயா என்றுதான் கூப்பிடும்.

பட்லர் ஐயா போட்ட நிபந்தனை இரண்டே இரண்டு. சுவரிலோ கதவிலோ ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. துரை வைத்த சாமான் வைத்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

"ஆணி அடிக்காம எப்படி ஐயா? பிள்ளை இருக்கிற வீடு" என்றேன்.

"தொரை இருபது வருசம் இருந்தாரும்மா. ஒரு ஆணி அடிச்சதில்ல" என்றார்.

துரை என்ன, கணப்புக்குள் தவழ்ந்தாரா? கேட்க நினைத்தேன். வந்த அன்றைக்கே வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

அதன்பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆணி கூடாது என்றால் கயிறு. என் கணவர் பள்ளிக்கூடத்தில் சாரணர் பையன்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பவர். வீட்டில் எந்த வேலை சொன்னாலும் "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்தப் போகிறவர், கயிறு என்றதும் எழுந்து உட்கார்ந்தார். கடைத்தெருவில் ஒரு பெரிய சுருள் தேங்காய்நார்க் கயிறு வாங்கிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டைக் கட்டினார். ஜன்னல் கொண்டிகளை உள்பக்கமாகச் சேர்த்துக் கட்டினார். பீரோ கதவைக் கட்டினார். பிரம்பு நாற்காலிகளைப் படுக்கப் போட்டு, ஒன்றோடு ஒன்று பிணைத்து, கணப்புக்கு முன்னால் வேலி மாதிரி நிறுத்தினார். எல்லாம் சாரணர் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமாம். அவிழ்க்கவும் ஒரு வழி உண்டு, அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப்பிறகு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஒரு கோப்பை எடுக்கக்கூட அவர் பள்ளியிலிருந்து வரவேண்டியிருந்தது.

வராந்தாப் பக்கத்து ஜன்னலுக்குக் கயிற்றையும் நம்ப முடியவில்லை. அதன் திண்டில் ஏறி நின்றுகொண்டு பயல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பான். ஆகவே பட்லர் ஐயா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நானும் என் கணவரும் கண்ணாடி பீரோவைத் தள்ளிக்கொண்டுபோய் அந்த ஜன்னலை அடைத்து நிறுத்திவிட்டோம். அடுப்படியின் பின்கதவை உள்ளே தாழிட்டு, அம்மிக்கல்லை அதோடு ஒட்டி நகர்த்தி வைத்தேன். இனி என் பிள்ளை எந்தப் பக்கம் போவான் பார்க்கலாம் என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

பட்லர் ஐயா அன்று சாயங்காலம் வந்து பீரோவைப் பார்த்தார். கைக்குட்டையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "தொரை பார்த்தா வருத்தப்படுவாரு" என்றார். அதுதான் அவருடைய திட்டு.

ஒன்றே ஒன்று மிச்சம். வாசல் கதவு. இரட்டைக் கதவு, கனத்த மரம், உள்பக்கமாகத் திறப்பது. மேல்தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போய் எத்தனையோ காலம். கீழ்த்தாழ்ப்பாள் பித்தளை. அதைப் பட்லர் ஐயா வாராவாரம் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் பொன்னாய் வைத்திருந்தார். தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அது இருந்த உயரம் சரியாக என் பிள்ளையின் கை உயரம். மேலே ஒரு புதுத் தாழ்ப்பாள் போட்டுத் தாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், சண்டை பிடித்தும் பார்த்தேன். நாலு திருகாணி போடவேண்டுமாம், முடியாதாம்.

இதில் இன்னொரு தொல்லை, கதவு தட்டுவது. பட்லர் ஐயா தினம் வெள்ளனே ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை வீட்டைப் பார்வையிட வருவார். மரத்தளத்தில் ஷூ சத்தம் கேட்கும். டக், டக், டக் என்று நிதானமாக வந்து நிற்கும். பிறகு மெதுவாக மூன்று தட்டு. அவ்வளவுதான், அப்புறம் நிற்பார். நாம் போய்த் திறந்து "வாங்க" என்று சொல்கிறவரைக்கும் நிற்பார். கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் அப்படித்தான். அடுப்படியில் தோசைமாவும் கையுமாக இருக்கிற நான் ஓடிவந்து, திறந்து கிடக்கிற கதவுக்கு முன்னால் நிற்கிற மனிதரை "வாங்க ஐயா" என்று கூப்பிட வேண்டும். தினம் இரண்டு தடவை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பிள்ளைக்கோ அந்தச் சத்தம் கேட்டால் கொண்டாட்டம். ஷூ சத்தம் கேட்டதும் செய்வதைப் போட்டுவிட்டுக் கதவிடம் ஓடி நிற்பான். மூன்று தட்டு விழுந்ததும் இரண்டு கையாலும் அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளை இழுப்பான். கதவு திறந்ததும் பட்லர் ஐயா இடுப்பை வளைத்து, "தேங்க் யூ, சின்ன தொரை" என்பார். கோட்டுப் பையிலிருந்து அவரே சுட்ட இஞ்சி பிஸ்கட்டில் ஒரு துண்டு எடுத்து நீட்டுவார். அதை வாங்கிக்கொள்ள இவன் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நிற்பான். இந்த நாடகம் தினம் இரண்டு காட்சி.

நான் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த மனிதர் என் பிள்ளைக்குக் கதவு திறக்கப் பாடம் நடத்துகிறார். ஒருநாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பயல் தானாகவே கதவைத் திறந்துகொண்டு வராந்தாவின் விளிம்பில், கல் படிக்கு மேலே, குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கிக்கொண்டு வந்து முதுகில் ஒன்று வைத்தேன். அன்று சாயங்காலம் பட்லர் ஐயா தட்டியபோது நானே போய்க் கதவைத் திறந்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். இனிமேல் கதவைத் தட்டாதீங்க, வரணும்னா தள்ளிக்கிட்டு வாங்க, என் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் வேண்டாம் என்றேன்.

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தட்டாம எப்படிம்மா வர்றது? நீங்க குடியிருக்கறப்ப வீடு ஒங்களுதுல்ல" என்றார்.

ஆணி அடிக்க மட்டும் என் வீடு இல்லையா என்று கேட்டேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார். அதிலிருந்து அவர் வாசலுக்கு வரவே இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் பூச்செடிக்கு அந்தப் பக்கம் நின்று இருமுவார், என் கணவர் போய்ப் பேசிவிட்டு வருவார். பிள்ளை தினம் சாயங்காலம் கதவுக்கு அருகே போய் நிற்பான். தாழ்ப்பாளில் கை வைத்தால் நான் கையில் பட்டென்று அடிப்பேன். கொஞ்ச நாளில் நான் பார்க்கும்போது அதைத் தொடுவதை விட்டுவிட்டான். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொடைக்கானலில் அந்த மாதம் துணி காய்ந்ததாகச் சரித்திரம் இல்லை. மஞ்சு மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளையின் துணிகள் மலைபோல ஈரத்தில் கிடக்கும். கணப்பில் விறகு எரிக்கவும் பட்லர் ஐயா விடவில்லை, புகைக்கூண்டை இன்னும் சுத்தம் செய்யவில்லையாம். ஆகவே கும்மட்டி அடுப்பில் கரியைப் போட்டு, வெளியே வைத்துக் கனிய விட்டு, பிறகு தூக்கிவந்து கணப்பின் வாய்க்குள் வைப்பேன். அதற்கு முன்னால் இருக்கிற நாற்காலி வேலியின்மேல் துணிகளைப் பரத்திவிடுவேன்.

அன்று மத்தியானமும் அப்படித்தான். பிள்ளை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். கும்மட்டியில் கரி நன்றாகச் சிவந்திருந்தது. வெளியே கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததை நம்பி, முற்றத்தில் கொஞ்சம் துணி போட்டிருந்தேன். திடீரென்று தூறல் சத்தம். கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். கொடியிலிருந்து துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் படியேறும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

தள்ளிப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. பயல் எழுந்துவந்து கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டிருந்தான்.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "ஏலே, தெறடா கதவ" என்று அதட்டினேன். உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. இன்னும் பலமாக அதட்டினேன். சிரிப்பு நின்றது. துணிகளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கதவைக் குத்தினேன். உள்ளே அழ ஆரம்பித்தான். தாழ்ப்பாளைத் தொட்டால் அம்மா அடிப்பாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தொட்டுவிட்டான், அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிறாள். அவன் வருவானா?

சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சிவப்பு ஸ்வெட்டர் தெரிந்தது. அழுதுகொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். நான் ஒரு குத்து குத்தினால் அவன் ஓரடி பின்னால் போனான். அவன் பின்னால் நாற்காலி வேலி. வேலிக்குப் பின்னால் கும்மட்டி.

பின்பக்கம் ஓடினேன். அடுப்படிக் கதவு தாழிட்டிருந்தது, அம்மிக்கல் அசையவில்லை. பள்ளத்துப் பக்கம் ஜன்னலுக்கு எட்டவே வழியில்லை. வராந்தா ஜன்னலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பீரோவின் முதுகு. எந்தப் பிள்ளையும் வெளியே போகமுடியாதபடி நானும் என் கணவரும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டுக்குள் இப்போது ஒரு பெரிய ஆள்கூட நுழைய முடியாது. அந்த நேரத்திலும் அந்த முடிச்சுகளைப் போட்ட மனிதரை நான் திட்டாமல் இல்லை.

மறுபடி வாசலுக்கு வந்து பார்த்தேன். பயல் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதன்மேல் கிடந்த துணியின் நுனி அவன் கையில் இருந்தது. அவன் எதைப் பிடித்தாலும் இழுப்பான். நான் "பட்லர் ஐயா" என்று கரடியாய்க் கத்தினேன்.

அவர் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கோட்டு இல்லை, பனியன்தான் போட்டிருந்தார், கால் வெறுங்கால். நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். கதவை உடைங்க ஐயா, கோடாலி இருந்தால் கொண்டுவாங்க என்றேன்.

அவர் துவாரத்தில் ஒரு தடவை குனிந்து பார்த்தார். கதவின்மேல் கைவைத்து ஒரு நொடி நின்றார். பிறகு தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"இருங்கம்மா, ஷூ போட்டுட்டு வாரேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. என் பிள்ளை நெருப்புக்கு முன்னால் நிற்கிறான், இந்த மனிதருக்கு ஷூ போடவேண்டுமாம். கதவு உடைந்துவிடும் என்றுதான் நழுவுகிறார் என்று நினைத்தேன். துரை கட்டின கதவு. ஆணிக்கே இடம் தராதவர் கோடாலிக்கா இடம் தருவார்? வராந்தா ஓரம் அடுக்கியிருந்த விறகில் கனமானதாக ஒன்றை எடுத்துக் கதவின்மேல் ஓங்கிப் போட்டேன். கதவு அசையக்கூட இல்லை. உள்ளே பிள்ளை வீறிட்டான். ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. துவாரத்தில் பார்த்தால் அவன் பிடித்திருந்த நாற்காலி சாய்ந்து கிடந்தது. சிவப்பு ஸ்வெட்டர் கண்ணில் படவில்லை, அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. கூடவே துணி தீய்கிற வாடை.

மறுபடி விறகை ஓங்கினேன். யாரோ பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பட்லர் ஐயா. கால்களில் ஷூ இருந்தது. விறகை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"நீங்க படியில எறங்கி நில்லுங்க. வாயத் தொறக்கக் கூடாது."

அவர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. இறங்கி மழையில் நின்றேன். அவரும் என்னோடு கடைசிப் படி வரைக்கும் இறங்கிவந்தார். எதற்கு இறங்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை, இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று தோன்றியது. பிறகு திரும்பி, முன்பு தினம் சாயங்காலம் வருவாரே அதேபோல, ஒவ்வொரு படியாக நிதானமாக ஏறினார். மரத்தளத்தில் டக், டக், டக். கதவுக்கு முன்னால் போய் நின்றார். மெதுவாக மூன்று தட்டு தட்டினார்.

அப்புறம் சும்மா நின்றார்.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நான் நின்றேன். கதவு திறக்கவில்லை. தீய்கிற வாடை படி வரைக்கும் வந்தது. அவர் மறுபடி தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, உள்ளே துரையே இருப்பது மாதிரி, நின்றுகொண்டே இருந்தார். ஓடிப்போய் அவரைத் தள்ளிவிட்டு நானே கதவில் மோதலாமா என்று இருந்தது. அசையாமல் நின்றேன் என்று சொல்லமாட்டேன், காலடியில் இருந்த செடியை அதற்குள் மொட்டையடித்துவிட்டிருந்தேன்.

உள்ளே அழுகை தேம்பலாகக் குறைந்தது. தேம்பலும் நின்றது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மறுபடி மூன்று தட்டு, அதே மெதுவாக.

"சின்ன தொரை, உள்ள வரலாங்களா?" என்று கேட்டார், முன்பு "தேங்க் யூ" சொல்கிற அதே குரலில்.

குட்டிக் கால்கள் தத்தித் தத்தி ஓடிவரும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு உலோகம் உரசுகிற சத்தம். பாதியில் நின்றது. பட்லர் ஐயா கதவைத் தொடக்கூட இல்லை. "வெரசா வேணாங்க. மெதுவா" என்றார். மறுபடி உரசியது. கதவு விரல் அளவு திறந்தது.

நான் எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. பிள்ளையை அள்ளிக்கொண்டு உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூக்கு ஒழுகிக் கன்னமெல்லாம் காய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். பட்லர் ஐயா நேராகக் கணப்புக்குப் போய், கும்மட்டியில் விழுந்து ஓரம் கருகிப் புகைந்துகொண்டிருந்த துணியை இடுக்கியால் எடுத்து வெளியே மழையில் எறிந்தார். சாய்ந்த நாற்காலிக்கும் கரிக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது.

நான் அழுதுகொண்டிருந்தேன். என் இடுப்பில் இருந்த பயல் என்னைப் பார்க்கவே இல்லை. பட்லர் ஐயாவைப் பார்த்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தான். கதவு திறந்தாயிற்று, பிஸ்கட் எங்கே?

அவர் கை பழக்கத்தில் கோட்டுப் பைக்குப் போயிற்று. கோட்டே இல்லை. "ஐயையோ" என்று வெட்கப்பட்டுவிட்டார். நான் சண்டை போட்டதிலிருந்து பிஸ்கட் சுடுவதையே அவர் நிறுத்தியிருந்தாராம். இருங்க வாரேன் என்று மழையில் கிளம்பினார். எதுக்கு ஐயா இப்போ, நனையாதீங்க, உட்காருங்க என்று தடுத்தேன்.

"தெறந்தவருக்குக் குடுக்காட்டா, அடுத்த தடவ தெறக்க மாட்டாரும்மா" என்றார்.

ஒரு பீங்கான் தட்டில் ரொட்டித் துண்டும் அதன்மேல் சர்க்கரையும் வைத்து, இன்னொரு தட்டால் மூடி எடுத்துவந்தார். இப்போது கோட்டும் போட்டிருந்தார். கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே அழுது வீங்கின முகத்தோடு நான் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் வாசலில் நின்று, மூன்று தட்டுத் தட்டிவிட்டு, நின்றார். எனக்கு அந்த நிலைமையிலும் எரிச்சல் வந்தது என்பதைச் சொன்னால் நம்புவீர்களோ என்னமோ. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்து போய், "உள்ளே வாங்க ஐயா" என்றேன்.

மறுநாள் காலையில் அவரே திருகாணியும் புதுத் தாழ்ப்பாளுமாக வந்தார். துரையிடம் மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டாரோ, கொஞ்ச நேரம் கதவைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு வேலையை ஆரம்பித்தார். பிள்ளை வளர்ந்தாலும் எட்டக் கூடாது என்று யோசித்து யோசித்து மேலே மேலே போய், கடைசியில் அவருடைய கை எட்டுகிற உயரத்தில் போட்டார். எனக்கே எட்டவில்லை. அந்த வீட்டில் இருந்த மிச்ச நாளெல்லாம் கதவைத் தாழிட நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஜன்னல் முடிச்சுகளை அவிழ்க்கச் சொன்னபோது என் கணவர் முக்கால் மணி நேரம் முயன்றுவிட்டு அரிவாள்மனையைக் கேட்டார். எந்தப் பையன்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தாரோ.

சில வருஷங்களில் கீழே திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். அந்தப் பயல் வளர்ந்தான். பள்ளிக் கடைசிப் பரீட்சையில் தோற்றுப்போன அன்று, அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம், சத்தமே இல்லை. அவன் அப்பா குரலை உயர்த்தினார். நானும் கதவைக் குத்தக் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது.

என் கணவரைக் கையைப் பிடித்துக் கூடத்தின் கோடிக்கு அழைத்துப் போனேன். அங்கே அவரைப் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அவனுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தேன். மெதுவாக மூன்று தட்டுத் தட்டினேன். அப்புறம் நின்றேன். நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே என்ன நடக்கிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதற்கு, ஒரு மனிதருக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்க வேண்டும்.

ரொம்ப நேரம் ஆயிற்று. ஆனால் திறந்தான். திறந்தபோது என் கையில் ஒன்றும் இல்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய் ஒரு தட்டில் ரொட்டியும் சர்க்கரையும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.